மவுஸ்மேல் போட்ட பழி

அலுவலகத்தில் அவருக்கு எலி டாக்டர் என்று பெயர். மருந்துக் கம்பெனியின் கணினிப் பிரிவில் சம்பளத்துக்குச் செய்த வேலை வேறு. பெயர் வாங்கிக்கொடுத்தது சம்பளமில்லாத வேலை. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துக்கொள்ளக்கூடிய ஓர் இயங்குதளத்தில், கோணல் பிடித்த மவுஸ்களுக்கு அவர் டிரைவர் எழுதிவந்தார். டிரைவர் என்பது மவுஸ் சொல்வதைக் கணினிக்கு எடுத்துச்சொல்லும் சிறு நிரல். ஒழுங்கான மவுஸ்களுக்கெல்லாம் பொதுவாக ஒன்று போதும். ஆனால் சில மவுஸ்கள் தங்களை விசைப்பலகை என்று சொல்லிக்கொள்ளும். சில, இல்லாத பொத்தானை இருப்பதாகப் பீற்றிக்கொள்ளும். 'இந்த மாடல் பேசினால் இப்படித் திருத்திக் கேள்' என்று டிரைவரில் ஒரு விதிவிலக்கு எழுதினால், உலகத்தில் அந்த மாடல் வைத்திருக்கும் எல்லோருக்கும் அடுத்த அப்டேட்டில் அது போய்ச்சேரும்.

மனிதர்களிடம் இந்தப் பொறுமை அவருக்குக் கிடையாது. பக்கத்து மேசைக்காரர் ஒரு சங்கதியை இரண்டாவது தடவை ஆரம்பித்தால், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். கல்யாணமும் ஆகவில்லை. "பொண்ணு பாக்கப் போன எடத்துல என்ன மாடல்னு கேட்டிருப்பான்" என்பது அக்காவின் விளக்கம்.

அக்கா அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். ஊர்ப் பிழையெல்லாம் கண்ணில் படும், வாய் சும்மா இருக்காது. அந்த வாயைத்தான் நரம்பு நோய் முதலில் எடுத்துக்கொண்டது. பிறகு கால், பிறகு இடது கை. வலது கையில் ஒரு விரலையும், மூளை முழுவதையும் விட்டுவைத்தது. இதைக் கருணை என்று சொல்வதா, வேறு ஏதாவது சொல்வதா என்று தெரியவில்லை.

அந்த ஒரு விரலுக்குத் தம்பி ஒரு டிராக்பால் வாங்கிக்கொடுத்தார். இருந்த இடத்திலேயே இருக்கும் மவுஸ் அது. மேலே ஓர் உருண்டை, பக்கத்தில் பொத்தான். உருண்டையை உருட்டித் திரையிலுள்ள எழுத்துகளை ஒவ்வொன்றாக அழுத்தினால் கணினி வாய்விட்டு வாசிக்கும். ரயில் நிலைய அறிவிப்பு மாதிரியான குரல். "திட்டுறாளா, வண்டி தாமதம்கிறாளான்னே புரியல மாப்ள" என்பார் அத்தான். சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போய்க் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அழுகையை மறைக்கத் தெரியாதவர்.

கொஞ்ச நாளில் அக்கா அழுத்தும் எழுத்துகள் இரட்டையாக விழ ஆரம்பித்தன. தம்பி தன் வீட்டிலிருந்தபடியே அக்காவின் கணினியோடு இணைந்துகொண்டு, டிராக்பால் அனுப்பும் சமிக்ஞைகளைப் பதிவுசெய்து பார்த்தார். ஓர் அழுத்தலுக்கு இரண்டு கிளிக். உள்ளே ஸ்விட்ச் தேய்ந்தால் இப்படித்தான் ஆகும். தயாரித்த கம்பெனியோ எப்போதோ இழுத்து மூடியாயிற்று. 'உடனே வரும் இரண்டாவது கிளிக்கைக் கண்டுகொள்ளாதே' என்று ஒரு விதிவிலக்கு எழுதினார். அக்காவின் பேச்சு தெளிந்தது. இன்னும் இரண்டு டிராக்பாலிலாவது சோதித்திருக்க வேண்டும். அந்த மாடலின் பிறவிக்குறை என்று முடிவுகட்டி, உலகத்துக்கும் அனுப்பிவிட்டார். மறுபடி இரட்டித்தது. கண்டுகொள்ளாத நேரத்தைக் கொஞ்சம் நீட்டினார். மறுபடியும் நீட்டினார். ஒவ்வொரு தடவையும் போனில் வாய்க்கு வந்தபடி அந்த டிராக்பாலைத் திட்டினார், அக்கா கேட்டுக்கொண்டிருந்தார்.

பழைய கணினிச் சாமான் விற்கும் கடைக்காரர் ஒருநாள் போன் செய்தார்.

"சார், என்ன பண்ணிவெச்சிருக்கீங்க? உருண்டை மவுஸ் வாங்கினவங்க மூணு பேர் சண்டைக்கு வந்துட்டாங்க. அப்டேட் போட்டதுலேருந்து பாதி கிளிக்க முழுங்குதாம்."

"அந்த மாடலே அப்படித்தாங்க. ஸ்விட்ச் மட்டம்."

"நல்லாருக்கே கதை. பழைய வெர்ஷன்ல சொருகினா குதிரை மாதிரி ஓடுது. நீங்களே வந்து அமுக்கிப் பாருங்க."

போய் அமுக்கிப் பார்த்தார். மூன்றிலும் ஓர் அழுத்தலுக்கு ஒரே கிளிக். அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது: அப்படியானால் அக்காவுடையது மட்டும் மோசம், மாற்றினால் தீர்ந்தது. ஒன்றை வாங்கிக்கொண்டு நேரே அக்கா வீட்டுக்குப் போய், விதிவிலக்கை எடுத்துவிட்டுச் சொருகினார்.

"பேசு அக்கா."

எழுத்துகள் முன்னைவிட மோசமாகத் திக்கின. அவர் பழைய டிராக்பாலை எடுத்துச் சொருகித் தன் விரலால் அழுத்தினார். சுத்தமாக, ஒன்று. மறுபடி அழுத்தினார். ஒன்று. இத்தனை நாளும் அவர் சமிக்ஞைகளைப் பார்த்திருந்தாரே தவிர, அக்காவின் விரலைப் பார்க்கவில்லை. இப்போது பார்த்தார். பொத்தானை நோக்கி இறங்கும்போதே அது நடுங்கிக்கொண்டிருந்தது.

விதிவிலக்கைத் திரும்பப் போட்டார். அக்கா நிதானமாக அழுத்தினார். "மவுஸ் நல்லாத்தான் இருக்கு" என்றது குரல்.

"உனக்கு எப்பத் தெரியும்?"

"உனக்கு முன்னாடி."

"ஏன்க்கா சொல்லல?"

அக்கா ஒவ்வோர் எழுத்தாக அழுத்தினார். "உங்க அத்தான் என்னைப் பாத்து அழுதாரு. நீ மவுஸைத் திட்டின. எனக்கு அது தேவலையா இருந்துச்சுடா."

வீட்டுக்குப் போனதும் உலகத்துக்கு அனுப்பிய விதிவிலக்கைத் திரும்பப் பெற்றுக்கொண்டார். காரணம் எழுதியாக வேண்டும் என்பது அந்தத் தொழிலின் முறை. 'கருவியில் பழுதில்லை. சோதித்தவர் தவறு' என்று எழுதினார். முகம் தெரியாத சகா ஒருவர், அப்படியானால் சோதித்ததில் இரட்டை கிளிக் எங்கிருந்து வந்தது என்று நியாயமாகவே கேட்டார். யார் எதைக் கேட்டாலும் பக்கம்பக்கமாகப் பதில் எழுதும் மனிதர், அதற்கு மட்டும் எழுதவில்லை.

அக்காவின் கணினியில் மட்டும் அந்த விதிவிலக்கு இருந்தது. அதை அவர் நீட்டிக்கொண்டே போனார். பேச்சு ஒரு வாக்கியத்திலிருந்து ஒரு சொல்லுக்கு இறங்கியது. அந்தச் சொல்லும் பெரும்பாலும் திட்டாகவே இருந்ததில் அவருக்கு ஒரு தெம்பு.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, அவர் உள்ளே நுழையும்போது விரல் பொத்தானின்மேல் இருந்தது. திரையில் ஒன்றும் இல்லை. அத்தான் கட்டிலோரம் துண்டும் கையுமாக நின்றிருந்தார்.

"காலைலேருந்து ஒரு எழுத்துகூட வரல மாப்ள. மவுஸ் போயிடுச்சா?"

தம்பி அக்காவைப் பார்த்தார். கண் மட்டும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

"ஆமா அத்தான். அந்தப் பாழாப்போன ஸ்விட்ச்தான். மட்டமான சரக்கு."

"சரியாயிடுமா?"

"பாக்கறேன். கழட்டித்தான் பாக்கணும்."

அத்தான் மூச்சு விட்டார். வெளிச்சத்துக்காக ஜன்னலைத் திறந்துவிட்டு, திருப்புளி எடுக்கப் போனார். தம்பி அக்காவின் விரலை மெதுவாகத் தூக்கிப் போர்வையின்மேல் வைத்தார். குறையொன்றும் இல்லாத அந்த டிராக்பாலைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு, அக்கா கேட்கும்படி அதைத் திட்ட ஆரம்பித்தார்.