கார் வீட்டு நாகலெட்சுமி

கொட்டகலைக் கடைவீதியில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்கள் எல்லோருக்கும் நாகலெட்சுமியைத் தெரியும். "கார் வீட்டம்மா வந்துட்டாங்க, பஸ் வர்ற நேரந்தான்" என்பார்கள். கேலிதான். அவளுக்கும் அது கேலி என்று தெரியும். தோட்டத்தில் தேயிலை பதமாக்குவதை மேற்பார்க்கிற டீமேக்கர் கணேசமூர்த்தியின் மனைவி அவள். குவாட்டர்ஸ் வாசலில் கரும்பச்சைக் கார் ஒன்று நிற்கிறது. வாங்கி எட்டொன்பது வருஷம் இருக்கும். வெளிநாட்டுக் கார் வருவதே நின்றுபோன இந்தக் காலத்தில்கூட அதன் கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம். ஊரில் கல்யாணம் என்றால் மாப்பிள்ளைக்கு அந்தக் காரைத்தான் கேட்டு வருவார்கள். அவர் தரமாட்டார்.

அதில் ஏன் ஏறுவதில்லை என்று கேட்டால் நாகலெட்சுமி, "எனக்குக் கார்ல போனா தல சுத்துது" என்பாள். வளைவுக்கு வளைவு ஆளைத் தூக்கிப் போடும் நுவரெலியா பஸ்ஸில் சுற்றாத தலை காரில் மட்டும் எப்படிச் சுற்றும் என்று யாரும் மேற்கொண்டு கேட்பதில்லை.

அவள் லயத்தில், தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீட்டில், பிறந்தவள். ராகலைக்கு மேலே ஒரு தோட்டத்தில் கொழுந்து பறித்த காளியாயியின் மகள். அந்தத் தோட்டத்து ஸ்டோரில், தேயிலைத் தொழிற்சாலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள், கணேசமூர்த்தி உதவி டீமேக்கராக இருந்தார். இலை கொண்டு வந்து நிறுக்கிற இடத்தில் அவளைப் பார்த்தார். ஆள் அனுப்பிக் கேட்டுக் கட்டிக்கொண்டார். அதைக் குறை சொல்ல முடியாது. தன்னுடைய ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டபோதும் அவர் பின்வாங்கவில்லை. ஆனால் கொட்டகலைத் தோட்டத்துக்குப் பெரிய டீமேக்கராக வந்த பிறகு மாமியார் வீட்டுக்குப் போவது வருஷத்துக்கு ஒரு தரமாகி, போனாலும் லயத்துக் காம்பராவில் உட்கார்ந்து ஒரு வாய்த் தேத்தண்ணி குடித்ததும் எழுந்துவிடுகிற மாதிரி ஆகிவிட்டது.

ஐம்பத்தாறாம் வருஷம் அந்தக் கார் வந்தது. கொழும்புக்குப் போய் அவரே எடுத்து வந்தார். விற்றவன் சொல்லி அனுப்பியதை மந்திரம் மாதிரி வீட்டில் ஒப்பித்தார்.

"பெயிண்ட் இன்னும் பச்சையா இருக்கு. காஞ்சு இறுகுற வரைக்கும் கைப்புள்ள மாதிரி பாத்துக்கணும். மெழுகு இப்ப போடக் கூடாது. சேறு பட்டா தேய்க்கக் கூடாது, தண்ணிய ஊத்தி ஊற வச்சு அதுவா எறங்கணும். வெயில்ல வச்சுக் கழுவவே கூடாது."

"அப்பா, காருக்குச் சளி புடிச்சிருமா?" என்று மகள் சண்முகவடிவு கேட்டாள். பள்ளிக்கூடத்துக்கு அவள் நனைந்துகொண்டுதான் போய்வந்தாள். காருக்குத் தார்ப்பாய் இருந்தது.

ஞாயிறு காலை வெயில் ஏறுவதற்கு முன்னால் கார் கழுவும் வேலை தொடங்கும். ஒரு வாளியில் சோப்புத் தண்ணீர், இன்னொன்றில் வெறும் தண்ணீர். கூரையிலிருந்து ஆரம்பித்துக் கீழே வருவார். சக்கரத்துப் பக்கம் துடைத்த துணி மேலே வரக் கூடாது. வீட்டிலிருந்த பழந்துணிகளையெல்லாம் கன்னத்தில் தேய்த்துப் பார்த்து, கடைசியில் ஒரு வெள்ளைச் சேலையைத் தேர்ந்தெடுத்தார். வடிவு பிறந்தபோது தொட்டில் கட்டுவதற்கென்று காளியாயி தன் சேலைகளிலேயே நன்றாக நைந்ததாகப் பார்த்துக் கொடுத்தது.

"இதுதான் பூ மாதிரி இருக்கு" என்று அவரே அதை நாலாகக் கிழித்தார்.

ஈரத்தை ஒற்றி எடுப்பது நாகலெட்சுமியின் வேலை. முதல் ஞாயிறு அவள் கதவருகே வந்ததுமே, "வளையல் கீறிப்புடும், கழட்டிட்டு வா" என்றார். அவள் கண்ணாடி வளையலைக் கழற்றி அடுப்படி மாடத்தில் வைத்துவிட்டு வந்தாள். அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் அப்படித்தான். தாலி கட்டினவள் வெறுங்கையோடு நிற்பது முதலில் உறுத்தியது. பிறகு பழகிவிட்டது. அவர் சொல்வதும் பழகிவிட்டது. வாளியை எடு என்கிற மாதிரியே வளையலைக் கழட்டு என்பார்.

அந்த வருஷம் ஆனி மாதத்தில் ஒருநாள் ஜவுளிக்கடை நஸார் குவாட்டர்ஸுக்கு வந்தார். ராகலைப் பக்கத்துத் தோட்டங்களுக்கெல்லாம் துணி மூட்டையோடு போகிறவர். அண்ணன் முறை வைத்து எல்லோரும் அவரை நானா என்பார்கள். விரித்த குடையை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வராமலே சொன்னார்:

"தங்கச்சி, ஒங்க தம்பி அழகன் சொல்லி அனுப்புனாரு. அம்மாவுக்கு முடியல. கஞ்சிகூட எறங்குதில்லயாம். ஒங்கள ஒரு தடவ பாக்கணும்னு கேட்டுக்கிட்டே இருக்காங்களாம்."

"எப்பேர்ந்துங்க நானா?"

"நான் போகையிலேயே படுக்கையிலதான் இருந்தாங்க. வியாழக்கெழம திரும்பவும் ராகலைக்குப் போறேன். பஸ்லதான். வீட்டுக்காரியும் வர்றா. வாங்களேன், ஒண்ணாப் போயிருவோம்."

ஸ்டோரிலிருந்து வந்த கணவரிடம் அவள் சொன்னாள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"போகத்தான் வேணும். நம்ம கார்லயே போவோம். இந்த மழ விடட்டும்."

"வியாழக்கெழம நஸார் நானா வீட்டோட பஸ்ல போயிர்றேங்க."

"வாசல்ல புதுக் கார நிறுத்தி வச்சுக்கிட்டு டீமேக்கர் பொஞ்சாதி பஸ்ஸுக்கு நிக்கிறதா? ஆபீஸ் பெரிய கிளாக்கர் வீட்டுல வருஷம் பூரா சொல்லிச் சிரிப்பாங்க. ஒனக்கு அது வெளங்காது."

"அப்ப நாளைக்கே கார எடுங்க."

"இந்தச் சேத்துலயா? கந்தப்பளைக்கு அங்கிட்டு ரோடு வெட்டிப் போட்டிருக்கான். கல்லு அடிச்சா பெயிண்டு பேந்து வந்துரும். ரெண்டு நாள் வெயிலடிக்கட்டும், நானே கூட்டிட்டுப் போறேன்."

அவர் சாக்குச் சொல்லவில்லை. பெட்ரோல்கூட அடித்து வைத்தார். தினமும் ஸ்டோரிலிருந்து வந்ததும் வாசலில் நின்று மலை முகட்டைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, "நாளைக்கு வெளுத்துரும் போல இருக்கு" என்பார். மறுநாளும் மழை பெய்யும். ராகலைப் பக்கம் இந்த மாதத்தில் வெயில்தான் என்று அவள் சொல்லிப் பார்த்தாள். "அங்க போய்ச் சேர்ற வரைக்கும் மழதானே?" என்றார். வியாழக்கிழமை நஸாரும் மனைவி அசீசாவும் ஏறிய பஸ் குவாட்டர்ஸ் வளைவில் போனது. நாகலெட்சுமி குசினி ஜன்னலில் நின்று பார்த்தாள். வாசலில் தார்ப்பாய் போர்த்திய கார் நின்றது. தார்ப்பாயின் மேல் மழை சொட்டிக்கொண்டிருந்தது.

அடுத்த வாரம் ஆபீசுக்கு டெலிபோன் வந்தது. காளியாயி இறந்துவிட்டாள்.

கணேசமூர்த்தி தார்ப்பாயை விலக்கினார். மாமியார் சாவுக்கு டீமேக்கர் பஸ்ஸில் போய் இறங்க முடியுமா? அன்றைக்கும் மழைதான். பின்சீட்டில் சாக்கை விரித்து அவளையும் வடிவையும் உட்காரச் சொன்னார். வண்டியை ஊர்ந்து ஊர்ந்து ஓட்டினார். நானுஓயா வரைக்கும் நாகலெட்சுமி அழுதாள். அதற்கப்புறம் அழவில்லை. கண்ணாடித் துடைப்பான் இப்படியும் அப்படியும் போவதைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இந்த ரோடுதான். இந்தச் சேறுதான். வர முடிகிறதே.

தப்புச் சத்தம் தூரத்திலேயே கேட்டது. பொரியும் பூவும் இறைப்பார்கள், மேலே விழும் என்று காரைக் கோயில் வளைவிலேயே நிறுத்திவிட்டார். மூவரும் நடந்து போனார்கள். அம்மாவின் முகம் சின்னதாகிப் போயிருந்தது. சித்தி மீனம்மா காதருகே சொன்னாள்: "கார் சத்தம் கேட்டா போதும், தலையத் தூக்கிப் பாப்பாடி. லொறியா இருந்தாலும் தூக்கிப் பாப்பா."

பிணத்தை எடுத்தார்கள். ஆண்கள் கூடவே போனார்கள். பெண்கள் வீட்டைக் கழுவிவிட்டுப் பீலியில் தலை முழுகினார்கள். அந்த லயத்துக்கு மலையிலிருந்து தண்ணீர் விழுகிற அந்தப் பீலி ஒன்றுதான்.

அன்று அங்கேயும் தூறிக்கொண்டிருந்த மழை அப்போது விட்டது. இத்தனை நாள் காத்திருந்த வெயில் சுள்ளென்று அடித்தது.

மயானத்துப் பாதையில் போய்க்கொண்டிருந்த கணேசமூர்த்தி வானத்தைப் பார்த்தார். வெயிலில் கழுவக் கூடாதுதான், ஆனால் சேறு காய்ந்தால் புதுப் பெயிண்டோடு ஒட்டிக்கொள்ளும். பாதியிலேயே திரும்பினார். குழியில் மண் தள்ளிவிட்டு மற்றவர்கள் வந்து பார்த்தபோது கார் பீலியடியில் நின்றது. சட்டையைக் கழற்றிவிட்டு, டிக்கியிலிருந்த வாளியை எடுத்து, டீமேக்கர் கார்க் கூரைக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தார்.

மொட்டைத் தலையும் மண் கையுமாக அழகன் வந்து நின்றான். "மச்சான், ஒரு வாளி வுட்டுக் குடுங்க. தலைய நனைச்சுக்கிட்டு உள்ள போயி வெளக்கேத்தணும்."

"செத்த இருங்க மாப்ள. சோப்பு போட்டுட்டேன், காஞ்சா தடம் விழுந்துரும். இந்தா முடிஞ்சிருச்சு."

அழகன் காத்திருந்தான். பின்னால் மற்றவர்களும் காத்திருந்தார்கள். பெரிய டீமேக்கரிடம் என்ன பேச? காளியாயியின் தம்பி செல்லசாமிதான் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்:

"எங்கக்காவக் கூட இம்புட்டுப் பதமாக் குளிப்பாட்டலப்பா."

யாரோ சிரித்தார்கள். கணேசமூர்த்தியும் பாராட்டு என்று நினைத்தாரோ என்னவோ, லேசாகச் சிரித்தார். வெறும் தண்ணீரை ஊற்றி முடித்தார். லயத்து வாசலில் ஈரத் தலையோடு நின்ற மனைவியை நிமிர்ந்து பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை சொல்வது போலவே சத்தமாகச் சொன்னார்:

"நாகலெட்சுமி, சீட்டுக்கடியில அந்த வெள்ளத் துணி இருக்கு, எடுத்துக்கிட்டு வா. வளையலக் கழட்டிட்டு வா."

தப்படிக்கிறவர்கள்கூட நிமிர்ந்து பார்த்தார்கள்.

"அட பாவி!" என்று மீனம்மா வாயில் அடித்துக்கொண்டாள். "தாலி கட்டுனவன் வாயால, எழவு வீட்டுல நின்னுக்கிட்டு, இப்புடிச் சொல்லுவானா ஒருத்தன்?"

கணேசமூர்த்திக்குத் தான் சொன்னது அப்போதுதான் உறைத்தது. "நான் காருக்காகச் சொன்னேன்... கீறிரும்னு..." என்றார். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகத்தான் இருந்தது.

நாகலெட்சுமி இறங்கி வந்தாள். கதவைத் திறந்து துணியை எடுத்தாள். அம்மாவின் தொட்டில் சேலைத் துண்டு. எல்லோரும் பார்க்க நிதானமாகத் தன் தலையைத் துவட்டினாள். கழுத்தைத் துடைத்தாள். துண்டைப் பிழிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு சோப்பு வாளியைக் கவிழ்த்து அலசி, பீலியில் பிடித்து, தம்பியின் மொட்டைத் தலையில் ஊற்றினாள்.

காரின் மேலிருந்த தண்ணீர் வெயிலில் சொட்டுச் சொட்டாகக் காய்ந்தது.

அன்று மாலையே அவர் வடிவை அழைத்துக்கொண்டு திரும்பிவிட்டார். நாகலெட்சுமி கருமாதி முடியும் வரை இருந்தாள். கிளம்புகிற அன்று மீனம்மா ராகலைக் கடையில் சிவப்புக் கண்ணாடி வளையல் வாங்கி இரண்டு கையிலும் முழங்கை வரைக்கும் அடுக்கிவிட்டாள். "அவன் சொன்ன சொல்லு ஒட்டாம இருக்கட்டும்" என்றாள்.

குவாட்டர்ஸ் வளைவில் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது பொழுது சாயவில்லை. பெரிய கிளாக்கர் வீட்டுப் பெண்கள் வெளியே நின்றார்கள்.

"பஸ்லயா வந்த?" என்றார் கணேசமூர்த்தி.

"ஆமா."

"சொல்லி அனுப்பியிருந்தா கார எடுத்துக்கிட்டு வந்திருப்பேனே."

"மழ பெய்ஞ்சிச்சே."

அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார். "கிளாக்கர் வீட்டுல பாத்தாங்களா?"

"பாத்தாங்க. கையக் காட்டிட்டுத்தான் வந்தேன்."

ஞாயிற்றுக்கிழமை அவர் இரண்டு வாளியையும் எடுத்து வைத்தார். துணியைத் தேடினார். மீதி மூன்று துண்டும் அவளுடைய பெட்டிக்குள் போயிருந்தன. குசினிக்குள் அம்மியில் அரைக்கிற சத்தமும் வளையல் சத்தமும் சேர்ந்து கேட்டுக்கொண்டிருந்தன. அவர் கூப்பிடவில்லை. தன் பழைய வேட்டி ஒன்றைக் கன்னத்தில் தேய்த்துப் பார்த்துவிட்டுக் கிழித்தார். கொஞ்சம் முரடுதான். ஆனாலும் காரின் பளபளப்பில் ஒரு குறையும் வரவில்லை.