மம்மியின் துடக்கு

"உந்தப் பிள்ளை ஒரு சவத்துக்குக் காவல் நிக்குதாம். அதுக்குச் சம்பளமும் குடுக்கிறாங்களாம்."

ஸ்காபரோவில் ஒரு தமிழ்க் கடையில், அரிசி மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் நின்ற ஒரு பெண் இன்னொரு பெண்ணுக்குச் சொன்னது இது. இந்தப் பக்கம் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டு நின்ற பிள்ளை நான்தான். அவர் சொன்னதில் பொய் இல்லை. தொண்ணூறுகளின் நடுவில் இரண்டு வருடம், ரொறன்ரோவின் ஒரு அருங்காட்சியகத்தில், எகிப்து அறையில், கண்ணாடிப் பெட்டிக்குள் படுத்திருந்த ஒரு மம்மியின் பக்கத்தில் நின்றேன்.

அருங்காட்சியகக் காவல் என்பது, யாரும் எதையும் தொடாமல் பார்த்துக்கொள்ளும் வேலை. யாரும் நம்மைக் கவனிக்காதபடி நின்றுகொள்ளும் வேலையும்கூட. நாள் முழுக்க நின்று பிழைக்கும் நண்பர்களே, கால் வலியைப் பற்றி உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. ஆனால் பேசாமலே இருந்தால் வாயும் வலிக்கும் என்பது அங்கே போன பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டு கேள்விகள்

எகிப்து அறைக்கு வருகிறவர்கள் காவலாளியிடம் இரண்டே கேள்விகள்தான் கேட்பார்கள். முதலாவது, கழிப்பறை எங்கே. இரண்டாவது, கல்லறைச் சாபம் உண்மையா. முதலாவதற்கு, "படியிறங்கி இடது பக்கம்." சில நாட்களில் காலையிலிருந்து மாலை வரை நான் பேசிய மொத்தப் பேச்சும் அந்த மூன்று சொற்கள்தான்.

வேலையில் சேர்ந்து இரண்டாவது கிழமை, ஹொக்கித் தொப்பி போட்ட உயரமான ஒருவர் மனைவியோடு வந்தார். "நீ இந்த வேலைக்கு வந்த பிறகு உனக்கு ஏதாவது கெட்டது நடந்ததா?" என்று கேட்டார். 'கெட்டதெல்லாம் அதற்கு முன்னரே நடந்து முடிந்துவிட்டது ஐயா' என்று சொல்லியிருக்கலாம். அந்தப் பதில் மூன்று நாள் கழித்து, பஸ்ஸில் வரும்போதுதான் எனக்கு வந்தது. அன்றைக்கு "இல்லை" என்று மட்டும் சொன்னேன். அவருடைய முகம் விழுந்துவிட்டது. மனைவியின் பக்கம் திரும்பி, "புதிதாக வந்தவள் போலிருக்கிறது. அடுத்த வருடம் வந்து கேட்போம்" என்றார்.

அக்கா

பெட்டிக்குப் பக்கத்தில் இருந்த பலகையில், பெயர் தெரியாத பெண், வயது முப்பதுக்கு மேல் இருக்காது என்று எழுதியிருந்தது. எனக்கு அப்போது இருபத்தாறு. ஆகவே அவளை அக்கா என்று வைத்துக்கொண்டேன். காலையில் விளக்குகளைப் போட்டதும், சனம் வரும் முன்னர், "அக்கா, வந்திட்டன்" என்பேன். அம்மா யாழ்ப்பாணத்தில், தம்பி ஜெர்மனியில். அம்மாவின் கடிதம் வருவதற்குள் அதில் எழுதியிருந்த காய்ச்சல் சுகமாகிப் புதுக் காய்ச்சல் வந்திருக்கும். அன்றைய வானிலையையும் அம்மாவின் காய்ச்சலையும் அக்காவுக்குத்தான் சொல்லிவந்தேன்.

அடுத்த அறையில் கிரேக்கச் சிலைகளுக்குக் காவல் நின்றவர் வின்ஸ்டன். ட்ரினிடாட்காரர், ஐம்பது வயது, எதற்கும் அவசரப்படமாட்டார். எங்கள் வேலையில் ஒரு பதிவுப் புத்தகம் உண்டு. வழமைக்கு மாறாக எது நடந்தாலும் நேரத்தோடு அதில் எழுத வேண்டும். ஒருநாள் நான் அக்காவோடு பேசிக்கொண்டு நின்றதை வின்ஸ்டன் பார்த்துவிட்டார். எனக்கு வெட்கத்தில் காது எரிந்தது. அவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்து என்னிடம் நீட்டினார். "நீ பேசுவதில் பிரச்சினை இல்லை. அவள் பதில் சொன்னால் மட்டும் மறக்காமல் எழுது."

பனி நாள்

நான் ஊரில் தாவரவியல் படித்தவள். பாண் துண்டில் பூஞ்சணம் என்கிற பூஞ்சை வளர்த்து, அதை நுணுக்குக்காட்டியில் பார்த்து வரைந்து, பட்டம் வாங்கியவள். ஆகவே சாபத்தைப் பற்றிய கேள்விக்குச் சும்மா சிரித்துவிட்டு நிற்க மனம் வரவில்லை. சாப்பாட்டு நேரங்களில் ஊழியர் நூலகத்தில் இருந்து வாசித்தேன்.

பெரும் பனி கொட்டிய ஒருநாள் அறையில் யாருமே இல்லை. வயதான ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி மட்டும் வந்து, அங்கியிலிருந்து பனியை உதறிவிட்டு, சாபத்தைப் பற்றிக் கேட்டார். நான் பேசத் தொடங்கினேன். ஆயிரக்கணக்கான வருடம் மூடிக் கிடந்த அறை. உள்ளே தானியம், பழம், இறைச்சி என்று இறந்தவருக்கு வைத்த சாப்பாடு. அதில் பூஞ்சணம் பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத தூளாக அதன் வித்திகள் வருடக்கணக்கில் காத்துக் கிடக்கும். நெஞ்சு பலவீனமானவர் மூச்சோடு இழுத்தால் நோய் வரலாம். சில கல்லறைகளில் வௌவால் எச்சம், சிலவற்றில் அடைபட்ட நச்சுக் காற்று. இதெல்லாம் ஆராய்ச்சிக்காரர்களின் ஊகங்கள். ஆனால் ஓர் எகிப்திய அரசனின் கல்லறையைத் தோண்டப் பணம் கொடுத்து, சாபக் கதை பெரிதாகக் காரணமான ஆங்கிலேயப் பிரபுவுக்கு நடந்தது இன்னும் சாதாரணமானது. ஏற்கெனவே நோயாளியான அவரை ஒரு கொசு கடித்தது. முகம் மழிக்கும்போது அந்த இடத்தில் கத்தி பட்டது. புண் நஞ்சாகிக் காய்ச்சல் வந்து இறந்தார். பத்திரிகைகளுக்குக் கொசுவைவிடச் சாபம் நன்றாக விற்றது. அந்தக் கல்லறைக்குள் போன மற்றவர்களில் பெரும்பாலோர் வயதாகித்தான் செத்தார்கள்.

கனடாவுக்கு வந்த பிறகு நான் ஒரே மூச்சில் இவ்வளவு ஆங்கிலம் பேசியது அதுதான் முதல் தடவை. பெண்மணி கைப்பையை அணைத்துக்கொண்டு கடைசி வரை கேட்டார். பிறகு என் கையை மெல்லத் தட்டினார். "வெறும் கொசுவா? இவ்வளவு பனியில் வந்தேனே, பிள்ளை."

எடுக்காத சவம்

நான் வாடகைக்கு இருந்தது டோர்செட் பார்க்கில், எட்டாம் மாடியில், மலர் அன்ரியின் வீட்டில். அன்ரி, அங்கிள், எட்டு வயது மகள் தர்ஷி. அன்ரி கெட்டவர் அல்ல. எனக்குச் சளி, தடிமன் என்றால் கேளாமலே மிளகு ரசம் வைத்துத் தருவார். ஆனால் நான் மம்மி அறையில் வேலை செய்கிறேன் என்று தெரிந்த நாளிலிருந்து ஒரு சட்டம் போட்டார். செத்த வீட்டுக்குப் போய் வந்தவரைப் போல, நான் கதவைத் திறந்ததும் எதையும் தொடாமல் நேரே குளியலறைக்குப் போக வேண்டும். தலைமுழுக வேண்டும். போட்டிருந்த சீருடையை வாளியில் தோய்க்க வேண்டும். அதன் பிறகுதான் சாப்பிடக் குசினிக்குள் போகலாம். கட்டடத்தின் கீழே இருந்த பொது இயந்திரத்தில் சீருடையைப் போடக்கூடாது. அதில் தங்கள் உடுப்பும் போடுகிறார்களாம்.

தோய்த்த உடுப்பைக் காயப்போட அன்ரியே இடம் தந்தார். தர்ஷியின் அறையில், சுவரோடு சேர்ந்த அலுமாரிக்குள், சூடான குழாய்க்குப் பக்கத்தில் ஒரு கொடி. தோய்த்தால் துடக்கு, அதாவது சாவுத் தீட்டு, போய்விடும் என்பதால் பிள்ளையின் அறையில் தொங்கலாம். ஆனால் அறையில் சாமிப்படம் இருந்ததால் அலுமாரிக் கதவைச் சாத்திவைக்க வேண்டும். கிழமைக்கு ஐந்து நாள், பனி கொட்டும் மாரி முழுக்க, இப்படித்தான். நான் முழுகித் தோய்த்து வரும்போது அவர்கள் சாப்பிட்டு முடித்திருப்பார்கள். குசினி மேசையில் தனியாக இருந்து, தர்ஷி அடுத்த அறையில் ஆங்கிலப் புத்தகம் வாசிப்பதைக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவேன்.

ஒருநாள் துணிந்து சொன்னேன். "அன்ரி, அவ செத்து மூவாயிரம் வருசம். சொந்தக்காரருக்கே துடக்கு முப்பத்தொரு நாள்தானே. எப்பவோ கழிஞ்சிருக்கும்."

அன்ரி வெங்காயம் வெட்டுவதை நிறுத்தாமல் சொன்னார். "துடக்கு எண்ணத் தொடங்கிறது சவம் எடுத்த பிறகு, பிள்ளை. உதை இன்னும் எடுக்கேல்லையே."

பார்க்கிங்

கண்ணாடியில் விரலால் தட்டி, "எழும்பு, சாபம் போடு பார்ப்போம்" என்று சிரித்துவிட்டுப் போன ஒரு இளைஞர் கால் மணித்தியாலத்தில் வெளிறிய முகத்தோடு திரும்பி வந்தார். அவருடைய காரை இழுத்துக்கொண்டு போய்விட்டார்களாம். மன்னிப்புக் கேட்பவர் போல அக்காவின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அக்காவைப் பார்க்கப் பெருமையாகவும் இருந்தது. வின்ஸ்டன் வந்து எட்டிப் பார்த்தார். "எங்கே நிறுத்தினாய்? தீயணைப்புக் குழாய்க்கு முன்னாலா? அங்கே நிறுத்தினால் உயிரோடு இருப்பவர்களே சாபம் போடுவார்கள்."

கேட்காத 'ஆனால்'

மாசியில் தர்ஷிக்கு இருமல் பிடித்தது. ஒரு கிழமை, இரண்டு கிழமை, மாதம் முடிந்தும் நிற்கவில்லை. வைத்தியர் தந்த மருந்து குடித்தாள். றிச்மண்ட் ஹில் கோயிலில் அர்ச்சனை செய்து நூல் கட்டினார்கள். பகலில் கொஞ்சம் பரவாயில்லை, படுத்தால் இருமல். ஒரு மாலை நான் வரும்போது அன்ரி கதவடியிலேயே நின்றார். கண் சிவந்திருந்தது.

"நீ குறை நினைக்காதை பிள்ளை. உந்த மம்மியின்ரை சாபம் பொல்லாததாம், ரிவியிலும் காட்டினவங்கள். எனக்கு ஒரே ஒரு பிள்ளை. இந்த மாசக் கடைசியோடை நீ வேறை இடம் பார்."

எனக்கு அந்த நகரத்தில் வேறு வீடு தெரியாது. ரெக்ஸ்டேலில், முன்பின் தெரியாத நான்கு பேரோடு ஓர் அறை இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். அங்கிருந்து வேலைக்கு மூன்று பஸ். பயத்தில் எனக்குப் பேச்சு வந்தது. அந்தப் பனி நாளில் சொன்ன அத்தனையையும், இந்த முறை தமிழில், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் சொன்னேன். சாபம் என்று ஒன்று இல்லை, பூஞ்சணம்தான், அதன் வித்திகள்தான், அவ்வளவுதான் என்றேன்.

அன்ரி கவனமாகக் கேட்டார். "அந்தத் தூள் உடுப்பிலை ஒட்டி வருமோ?"

விஞ்ஞானம் படித்தவர்களின் கெட்ட பழக்கம், உண்மையைப் பாதியிலிருந்து தொடங்குவது. "வரலாம்" என்றேன். "ஆனால்..." என்றும் சொன்னேன். ஆனால் அந்த மம்மி அடைத்த கண்ணாடிக்குள் இருக்கிறாள், ஆனால் அவளை எப்போதோ சுத்தம் செய்துவிட்டார்கள் என்றெல்லாம் வரிசையாக வைத்திருந்தேன். ஒன்றும் அன்ரியின் காதில் ஏறவில்லை. சுவரில் சாய்ந்துவிட்டார்.

"சாபமெண்டால் தேசிக்காய் வெட்டிக் கழிக்கலாம். உதுக்கு நான் என்னத்தை வெட்டுறது?"

பழகிய முகம்

அடுத்த சனிக்கிழமை பெட்டி அடுக்கினேன். கொடியில் கிடந்த சீருடையை எடுக்கத் தர்ஷியின் அறைக்குப் போனேன். அவள் கட்டிலில் இருந்து படம் கீறிக்கொண்டிருந்தாள். கட்டிலின் தலைமாடு அந்த அலுமாரியோடு ஒட்டியிருந்தது. கொடியையும் அவிழ்த்துவிடுவோம் என்று குனிந்தபோது, அலுமாரியின் பின்சுவரில், கீழே, கறுப்பும் பச்சையுமாக வட்டம் வட்டமாக ஒன்று தெரிந்தது. கிட்டப் போய் மூக்கை வைத்து மணந்து பார்த்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், ஒரு கணம் எனக்குச் சந்தோசமாக இருந்தது. ரொறன்ரோவில் நான் கண்ட முதல் பழகிய முகம் அது.

மறு கணம் தர்ஷி இருமினாள். அன்ரியையும் அங்கிளையும் கூப்பிட்டேன். அங்கிள் வீட்டில் பேசாதவர். பத்திரிகையோடு வந்து நின்றார். அன்ரி வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஐயோ, மியூசியத்திலையிருந்து வந்திட்டுதோ?"

"இல்லை அன்ரி. உது மியூசியத்துப் பூஞ்சணம் இல்லை, எங்கடை பூஞ்சணம். நாலு மாசமா நான் தோய்ச்ச ஈர உடுப்பை இதுக்குள்ளை போட்டுக் கதவைப் பூட்டினம். சூடும் இருக்கு, ஈரமும் இருக்கு, காத்து இல்லை."  இந்த முறை 'ஆனால்' கேட்கும்வரை நிறுத்தவில்லை. "தர்ஷிக்கு இருமல் உதாலைதான் எண்டு சத்தியம் பண்ணமாட்டன். ஆனால் பிள்ளை இதுக்குப் பக்கத்திலை படுக்கக்கூடாது."

 அங்கிள் குனிந்து சுவரை விரலால் தொட்டுப் பார்த்தார். விரலைத் துடைத்தார். நான் அந்த வீட்டுக்கு வந்து ஒன்றரை வருடத்தில் அவர் வாயிலிருந்து கேட்ட முதல் முழு வசனம் அப்போதுதான் வந்தது.

"அப்ப மலர், துடக்கு வந்ததாலை இல்லை, நாங்கள் கழுவிக் கழுவித்தான் பிள்ளைக்கு இருமல் வந்திருக்கு."

மாசக் கடைசி

அன்றைக்கே அங்கிள் கட்டிலை யன்னலடிக்கு இழுத்தார். அன்ரி கொடியை அறுத்து எறிந்துவிட்டு, மூக்கில் துணி கட்டிக்கொண்டு அந்தச் சுவரைத் தேய்த்தார். தர்ஷியின் இருமல் உடனே நிற்கவில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. என் அறையைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. அடுக்கிய பெட்டி அடுக்கியபடியே கட்டிலுக்குக் கீழே கிடந்தது.

அந்த இரண்டு வருடத்தில் மம்மியால் எனக்கு வந்ததெல்லாம் என்ன என்று கூட்டிப் பார்த்தால், மாரி முழுக்கத் தலைமுழுகிப் பிடித்த தடிமன் ஒன்றுதான்.

மாசக் கடைசி ஒரு வெள்ளிக்கிழமை. வேலையால் வந்து கதவைத் திறந்தேன். குசினி மேசையில் மூன்று சாப்பாட்டுக் கோப்பைகளுக்குப் பதிலாக நான்கு கோப்பைகள் இருந்தன. அன்ரி சின்னச் செம்பு ஒன்றோடு வாசலுக்கு வந்தார். என்னைக் குளியலறைப் பக்கம் போகவிடாமல் நிறுத்தி, என் கோட்டைக் கழற்றி வாங்கி, செம்பிலிருந்த மஞ்சள் தண்ணீரை அதில் மூன்று தரம் தெளித்தார். பிறகு அதைத் தன் கோட்டுக்கும் தர்ஷியின் கோட்டுக்கும் நடுவில் கொழுவினார்.