கோட்டைக்கு வைத்த பூ

எங்கள் கிள்ளான் வீட்டுக் கூடத்தில் சாமி படங்களைவிட அயர்லாந்துப் படங்கள்தான் அதிகம். காப்பார் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் அப்பா கணக்கெழுதும் கிராணியாக இருந்தபோது, ஊர் திரும்பிய ஐரிஷ்காரத் துரை கொடுத்துவிட்டுப் போனவை. ஓர் ஏரி, குதிரை வண்டிகள் நிற்கும் கடைத்தெரு, கல் பாலம், கூரை இல்லாத ஒரு கோட்டை. எல்லாமே மஞ்சளேறிய கறுப்பு வெள்ளைப் படங்கள். ஒன்றில்கூட வெயில் இல்லை. "எவன் ஊரையோ மாட்டி வச்சிருக்கீங்களேப்பா" என்று கேலி செய்தால் அப்பா காதிலேயே வாங்க மாட்டார்.

நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே அம்மா இறந்துபோய்விட்டாள். பிறகு அப்பா கட்டிக்கொண்டவர்தான் சின்னம்மா. அம்மாவின் படம் ஒன்றுகூட இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். உறவுக்காரர்களின் கல்யாண ஆல்பங்களை எல்லாம் புரட்டிப் பார்த்துவிட்டேன். அவள் முகம் எங்குமே அகப்படவில்லை.

சின்னம்மாவுக்கு ஒரு விசித்திரப் பழக்கம். வெள்ளிக்கிழமை சாமிக்குப் பூ வைத்ததும் அந்தக் கோட்டைப் படத்துக்கும் ஒரு மல்லிகைச் சரம் வைப்பார். "கோட்டைசாமி பூஜை முடிஞ்சதா?" என்று நாங்கள் சிரிப்போம். அவரும் சிரிப்பார்.

அப்பா காலமான பிறகு அந்தப் படத்தின் சட்டத்தில் கரையான் ஏறியது. மாற்றித் தருகிறேன் என்றேன். "வேணாம், அது பாட்டுக்கு இருக்கட்டும்" என்றார் சின்னம்மா. போன வெள்ளிக்கிழமை என் வீட்டிலிருந்து அவரைப் பார்க்க வந்திருந்தேன். அவர் குளிக்கப் போயிருந்த நேரத்தில் படத்தைக் கழற்றி, பிரிக்பீல்ட்ஸில் சாமி படங்களுக்குச் சட்டம் போடும் கடைக்கு எடுத்துப் போனேன்.

கடைக்காரத் தம்பி பின்பலகையைப் பிரித்தார். கோட்டைக்குப் பின்னால் இன்னொரு படம் ஒட்டிக்கொண்டிருந்தது. அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"அக்கா, இது சின்ன வயசுல நீங்க எடுத்ததா?"

என் மூக்கு. என் நெற்றி. நான் கட்டியே இராத ஒரு புடவை. படத்தின் நெற்றியில் யாரோ வைத்துக் காய்ந்துபோன சந்தனப் பொட்டு.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேட்டிருக்கிறேன். பெற்றவளைக் கோட்டைக்குள் மறைத்த ஆள் என் அப்பா! இத்தனை வருஷமாக அவள் எதிரில் உட்கார்ந்துதான் சாப்பிட்டேன், பாடம் படித்தேன், அவள் முகம் தெரியாது என்று அழுதேன். கடையிலேயே வாய்விட்டு அழுதுவிட்டேன். தம்பி பயந்துபோய் நாற்காலி எடுத்துப் போட்டார்.

இரண்டு படங்களையும் எடுத்துக்கொண்டு நேரே கிள்ளானுக்குத் திரும்பினேன். சின்னம்மா கூடத்தில், சுவரில் இருந்த வெற்றிடத்துக்குக் கீழே உட்கார்ந்திருந்தார். மல்லிகைச் சரம் மடியில் கிடந்தது.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்லா. கல்யாணமாகி வந்த புதுசுல கண்ணாடி தொடைக்கக் கழட்டினேன். உங்கப்பா எனக்காகத்தான் மறைச்சு வச்சாரு. பார்த்துட்டேன்னு சொன்னா தூக்கிப் போட்டுருவாரோன்னு பயம். அதான் சொல்லல."

"சரி, அவர் போன பிறகு? அப்பவாவது சொல்லியிருக்கலாம்ல?" என்று கத்தினேன்.

அவர் சரத்தைக் கையில் எடுத்தார்.

"சொன்னா, அவங்களைத் தூக்கிக்கிட்டுப் போயிருவே. அதுக்கப்புறம் இந்த வீட்டுக்கு நீ எதுக்கும்மா வரப்போறே?"

அப்போதுதான் கவனித்தேன். நான் வாசல்படிக்கு வெளியே, செருப்பைக்கூடக் கழற்றாமல், அம்மாவை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தேன்.