கரை எது?

சென்ற வாரம் பத்திரிகையில் ஒரு செய்தி. சென்னை சர்க்காரும் இலங்கை சர்க்காரும் கடலில் ஒரு கோடு போடப் பேசுகிறார்களாம். மீன்பிடிக்க இந்தப் பக்கம் நமக்கு, அந்தப் பக்கம் அவர்களுக்கு. இரண்டு கரைக்கும் சரிபாதி தூரத்தில் கோடு போட்டால் தீர்ந்தது என்கிறார் ஒரு நண்பர்.

தீர்ந்ததா? எனக்கு நம்பிக்கை இல்லை. பேசுகிற இரண்டு தரப்பும் துரைமார்கள்தான் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும்... சரிபாதி என்ற வார்த்தையைக் கேட்டாலே எனக்கு ஒரு மணல்திட்டு ஞாபகம் வருகிறது.

குமாரபாளையத்தில் என் அக்காள் புருஷன் நூலுக்குச் சாயம் போடுகிறார். கோடையில் காவிரி வற்றி, நடுவில் மணல்திட்டு எழும்பும். சாயம் தோய்த்த நூலை அங்கேதான் காயப்போடுவார். தெருவில் போட்டால் புழுதி ஏறிவிடும். தறிக்காரர்கள் அப்படியே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்த மணல் இல்லாவிட்டால் அவருக்குக் கோடையில் தொழிலே இல்லை. இந்த வருஷம் எதிர்க்கரை பவானியிலிருந்து இன்னொரு சாயக்காரர் வந்து, திட்டு முழுவதும் தம்முடையது என்றார்.

பேச்சு முற்றி, கடைசியில் சரிபாதி என்று முடிவாயிற்று. ஒரே நீளத்தில் இரண்டு நூல்கயிறு. கரைக்கு ஒன்றாக, ஒரு நுனியைக் கரையில் ஓர் ஆள் பிடித்திருக்க, மறுநுனியைப் பரிசலில் இழுத்துத் திட்டுக்குக் கொண்டுபோவது. திட்டுக்கு வந்த இரண்டு நுனிக்கும் நடுவில் முளைக்குச்சி. நனைந்தால் நூல் சுருங்குமே — அதனால் இரண்டையும் முதலில் ஆற்றில் முக்கி எடுத்து, சேர்த்து வைத்து மூன்று தடவை பார்த்தார்கள். சொந்தக் கரையில் சொந்த ஆள் பிடித்தால் தண்ணீருக்குள் நாலடி இறங்கிவிடுவான் என்று சந்தேகம். ஆகவே எங்கள் கரையில் பவானிக்காரர், அவர் கரையில் என் மச்சான். பவானிக்காரருக்குக் காவலாக நான், மச்சானுக்குக் காவலாக ஒரு பவானி ஆள்.

பரிசல் நகர்ந்ததும் பவானிக்காரர் கயிற்றோடு மெல்லப் பின்னால் போனார். ஓர் எட்டு, இரண்டு எட்டு... அவர் பின்வாங்கும் அளவுக்குக் கயிற்றின் மறுநுனி எங்கள் பக்கமே நின்றுவிடும்; எங்கள் மணல் குறைகிறது. என்ன இது என்று கேட்டேன்.

"ஏனுங்க, கரைன்னா தண்ணி முடியற எடமா, படிக்கட்டா? நீங்களே சொல்லுங்க" என்றார், படியில் ஏறிக்கொண்டே.

கடலுக்கும் இதே கேள்விதானே — அலை ஏறும் இடம் கரையா, இறங்கும் இடம் கரையா? கத்தலாம் என்று எதிர்க்கரையைப் பார்த்தேன். மச்சான் ஏற்கெனவே மேட்டின்மேல் நின்றிருந்தார். வாயை மூடிக்கொண்டேன். அங்கே காவல் நின்ற பவானி ஆளும் சத்தம் காட்டவில்லை.

முளைக்குச்சி திட்டின் நட்டநடுவில் இறங்கியது. பாதி மணல் தப்பியது. ஆனால் மச்சான் முகம் தெளியவில்லை. திரும்பி வந்ததும் என்னைத் தனியே இழுத்துப் போனார்.

"மாப்ளே, நான் பதினஞ்சு எட்டு பின்னால போனேன். அவரு எத்தனை போனாரு?"

அவரும் அவ்வளவுதான் என்றேன். அப்புறம்தான் மனுஷருக்கு மூச்சே வந்தது.

இருவரும் ஒரே அளவு ஏமாற்றினால், அதற்குப் பெயர்தான் ஒப்பந்தம்!