பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசிய பிலிம்

யுத்த காலத்தில் நானும் என் கணவரும் கல்மண்டபம் பகுதியில் போட்டோ ஸ்டூடியோ நடத்திக்கொண்டிருந்தோம். பிலிமைக் கடைசியாக அலசும் சீமை மருந்து அப்போது கிடைக்கவில்லை. வெறும் கிணற்றுத் தண்ணீரில் அலசியதால், கப்பல் வேலைக்காரர் ஒருவரின் பிலிமில் உப்புத் துளிகள் காய்ந்து, படத்தில் முகமெல்லாம் வெள்ளைப் புள்ளி விழுந்துவிட்டது. மறுபடி எடுக்கலாமென்றால் அவர் கப்பலேறிவிட்டார். மறுநாள் அவர் மனைவி படத்தை வாங்க வருவதாக இருந்தது.

என் பட்டுப்புடவையைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசினால் திட்டுத் திட்டாகக் காயாது. அது நினைவுக்கு வந்தது.

“அதுல அலசிப் பாக்கலாமா?” என்றேன்.

“பிலிமு கெட்டுப்பூட்டா அந்தப் பொண்ணாண்ட இன்னா சொல்றது?” என்றார் கணவர்.

அதனால் முதலில் ஒரு வீணான பிலிமில் சோதித்தோம். காய்ச்சி ஆறிய தண்ணீரில் கொட்டையை ஊறவைத்து, துணியில் வடிகட்டி, அதில் நனைத்துத் தொங்கவிட்டோம். ஒரு துளிகூடத் தங்காமல் வழிந்து காய்ந்தது. பிறகே கப்பல்காரருடைய பிலிமையும், காய்ந்த உப்பு கரையும்வரை ஊறவிட்டு அதே தண்ணீரில் அலசினோம்.

மறுநாள் அந்தப் பெண் கைக்குழந்தையிடம் புள்ளியில்லாத புதுப் படத்தைக் காட்டி, “பாரு, உங்க நைனா எப்டி சிரிக்கிறாரு,” என்றாள்.

அவள் போனதும்தான் எங்கள் இருவருக்கும் பசித்தது.