நள்ளிரவுச் சூரியனும் ஒரு ஃபாயில் சுருளும்

நார்வேக்குப் போகிற பெட்டியில் அலுமினியம் ஃபாயில் சுருள் ஒன்று இருந்ததை நான் பார்த்தேன். பார்த்துவிட்டுச் சும்மா இருந்ததுதான் என் தப்பு. வழியில் புளிசாதம் கட்டுவதற்கு எடுத்து வைத்திருக்கிறார், இந்த மனுஷனுக்கு இவ்வளவு பொறுப்பு எப்போது வந்தது என்று உள்ளுக்குள் பெருமை வேறு பட்டுக்கொண்டேன்.

அப்போது நாங்கள் வளைகுடாவில், ருவைஸ் என்கிற ஊரில் இருந்தோம். என் கணவருக்கு எண்ணெய் சுத்திகரிப்பு ஆலையில் ஷிஃப்ட் டியூட்டி. ஷிஃப்ட்காரர் வீட்டைத் தெருவில் நின்றே கண்டுபிடித்துவிடலாம், படுக்கையறை ஜன்னல் முழுக்க ஃபாயில் ஒட்டியிருக்கும். பகலில் தூங்குகிறவர்களுக்கு ராத்திரியை அப்படித்தான் உண்டாக்கிக் கொடுக்க வேண்டும். நைட் ஷிஃப்ட் நாட்களில் மிக்ஸி போடக் கூடாது. காலிங்பெல் வயரைப் பிடுங்கிவிட வேண்டும். குக்கர் விசில் அடிக்கப் போகிறது என்று தெரிந்தால் கரண்டியோடு ஓடிப்போய் வெயிட்டைத் தூக்கிவிடுவேன். தும்மல் வந்தால் பாத்ரூமுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு தும்முவேன். சாயங்காலம் அவர் எழுந்து, குளித்து, நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தோடு கம்பெனி பஸ் ஏறிய பிறகு வீட்டில் எவ்வளவு சத்தமாக வேண்டுமானாலும் பேசலாம். யாரோடு பேசுவது என்பதுதான் கேள்வி.

கல்யாணமாகி ஏழு வருஷம் இப்படியே ஓடியது. எனக்கு ஒரே ஓர் ஆசை இருந்தது, சொன்னால் சிரிப்பீர்கள். ஒரு ராத்திரி முழுக்க நாங்கள் இரண்டு பேரும் விழித்திருந்து பேச வேண்டும். லீவில் ஊருக்குப் போனால் அங்கே கூடம் முழுக்கச் சொந்தக்காரர்கள் படுத்திருப்பார்கள். ஒரு பக்கம் குறட்டை, இன்னொரு பக்கம் குழந்தை அழுகை. அதற்கு நடுவில் புருஷனோடு என்னத்தைப் பேசுவது.

துபாயில் தேராவில் ஒரு டிராவல்ஸ் கடை வாசலில்தான் அந்தப் படத்தைப் பார்த்தேன். கடலுக்கு மேலே சூரியன். நடுராத்திரியில் எடுத்தது என்றார் கடைக்காரர். நார்வேயின் வடக்கே கோடையில் பல வாரங்களுக்கு இருட்டவே இருட்டாதாம். ராத்திரியே இல்லாத ஊரில் தூக்கம் எங்கிருந்து வரும் என்று என் மூளை கணக்குப் போட்டது. அந்த வருஷ லீவு நார்வேக்கு என்று முடிவானதும் மாமியார் மூன்று தடவை போன் செய்து, பெற்றவளைப் பார்ப்பதைவிட அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்டார். சூரியன் இருக்கிறது என்று சொல்ல முடியுமா? கம்பெனி அனுப்புகிறது என்று கூசாமல் ஒரு பொய் சொன்னேன். விமானத்தில் கணவரிடம் என் ஆசையைச் சொன்னதும், "அதுக்கென்ன, முழிச்சிருந்தாப் போச்சு" என்றார்.

முதல் நான்கு நாள் ஊர் சுற்றினோம். துபாயிலிருந்து வந்த முப்பது பேர், ஒரு பஸ். ஓஸ்லோவில் ஆயிரம் வருஷத்துப் பழைய மரக்கப்பல் ஒன்றைக் காட்டினார்கள். எல்லோரும் கப்பலுக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். இவர் மட்டும் குனிந்து ஆணிகளைப் பார்த்துக்கொண்டே இருந்தார், காவலாளிக்குச் சந்தேகமே வந்துவிட்டது. மலையுச்சியிலிருந்து கொட்டிய அருவியைப் பார்த்து நான் வாயடைத்து நின்றேன். எத்தனை பம்ப் போட்டாலும் இந்த பிரஷர் வராது என்றார் இவர். கோபுரத்துக்கு மேல் கோபுரமாகக் கட்டிய மரத் தேவாலயத்துக்குள் போனால் தார் வாசனை அடித்தது. அது மட்டும் அவருக்கு ரொம்பப் பிடித்துவிட்டது, டியூட்டிக்கு வந்த மாதிரி இருக்கிறது என்று இரண்டு சுற்று சுற்றி வந்தார்.

ஐந்தாம் நாள் வடக்கே ஒரு தீவுக்கு வந்து சேர்ந்தோம். ராத்திரி பத்தரைக்கு வெயில் சுள்ளென்று அடித்தது. ஹோட்டலுக்குப் பின்னால் கடலைப் பார்த்த ஒரு பாறை மேடு. எல்லோரும் அங்கே போய் நள்ளிரவுச் சூரியனைப் பார்ப்பதாக ஏற்பாடு. நான் மஞ்சள் புடவை கட்டி, அதற்கு மேல் ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு குளியலறையிலிருந்து வந்தேன். அறை கும்மிருட்டாக இருந்தது. ஜன்னல் முழுக்க ஃபாயில். மூலை மடிப்பு, டேப், எல்லாம் ருவைஸில் இருக்கிற அதே கச்சிதம்.

போர்வைக்குள்ளிருந்து குரல் வந்தது. "ராத்திரி வெளிச்சமா இருக்கறது எனக்கு அதிசயமா? பிளாண்ட்ல தினமும் அப்படித்தானே. நீ பாத்துட்டு வா."

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. ஏழு வருஷமாகத் தூக்கிப் பிடித்த குக்கர் வெயிட்டையெல்லாம் அவர் தலையிலேயே போடலாம் போல இருந்தது. கதவை ஓங்கிச் சாத்தினேன். அவர் தூங்கும்போது நான் கதவைச் சத்தமாகச் சாத்தியது அதுதான் முதல் தடவை, மனசுக்கு நன்றாகவே இருந்தது.

பாறையில் ஜோடி ஜோடியாக நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். சூரியன் கடலைத் தொடப் போவது போல இறங்கி, தொடாமல் அப்படியே நின்றது. எங்கள் பஸ்ஸில் வந்த மலையாள அம்மா, ஹஸ்பண்ட் எங்கே என்று கேட்டார். யோசிக்காமல், "நைட் ஷிஃப்ட்" என்று சொல்லிவிட்டேன். அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார். பழக்க தோஷம், வாய் தானாகச் சொல்லிவிட்டது. எல்லோரும் குளிருக்குப் பயந்து கீழே இறங்கிவிட்டார்கள். அந்த அறைக்குத் திரும்பக் கூடாது என்ற வீம்பில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அழுகையும் வந்தது, அழுதேன்.

ஒரு மணி இருக்கும். ஸ்வெட்டரை உள்பக்கம் வெளியே தெரியப் போட்டுக்கொண்டு, லுங்கிக்குக் கீழே ஷூவோடு ஓர் உருவம் மேட்டில் மூச்சு வாங்க ஏறி வந்தது. கையில் ஒரு ஃபாயில் பொட்டலம். ஓரத்தில் ஜன்னல் டேப் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தது. உட்கார்ந்து பிரித்தார். காலைச் சாப்பாட்டு மேசையிலிருந்து நான் கைப்பையில் போட்டு வந்த ரொட்டி, அதில் நான் கொண்டுவந்த எலுமிச்சை ஊறுகாயை அள்ளித் தடவியிருந்தார். என் பக்கம் ஒரு துண்டை நீட்டினார்.

"ஒரு மணிக்குத்தான் பிளாண்ட்ல பொட்டலம் பிரிப்பேன். தானா முழிப்பு வந்துடுச்சு, பாத்தா நீ இல்ல" என்றார். ஒரு வாய் மென்றுகொண்டே, "இந்த நேரத்துல அவளாவது நல்லாத் தூங்கட்டும்னு நெனச்சுக்கிட்டேதான் தினமும் சாப்பிடுவேன்" என்றார்.

"நான் எங்கங்க தூங்கினேன்? அடுப்படி ஜன்னல்லதான் ஃபாயில் இல்லையே. அங்கேருந்து உங்க ஃப்ளேர் தெரியும். அதைப் பாத்துக்கிட்டே நிப்பேன்."

ஃப்ளேர் என்பது ஆலையில் மிஞ்சுகிற வாயுவை எரிக்கிற உயரமான குழாய். அதன் உச்சியில் எப்போதும் தீ எரியும். அந்தத் தீக்குக் கீழே எங்கேயோ அவர் இருக்கிறார் என்று பார்த்துக்கொண்டிருப்பேன். இதை நான் அதுவரை அவரிடம் சொன்னதில்லை.

அவர் மெல்லுவதை நிறுத்திவிட்டார். சூரியனைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஏழு வருஷமாவா?" என்று மட்டும் கேட்டார்.

அப்புறம் பேச ஆரம்பித்தோம். என்ன பேசினோம் என்று கேட்டால் சொல்ல ஒன்றுமில்லை. எதிர்வீட்டுக்காரர்களைப் பற்றித்தான் முக்கால்வாசி. காலையில் மற்றவர்கள் சாப்பிட வந்தபோது நாங்கள் அப்போதுதான் கீழே இறங்கினோம். உலகமே பார்க்க வருகிற மலையிடுக்குக் கடலில் அன்றைக்குப் படகில் அழைத்துப் போனார்கள். போகவர முழுக்க இரண்டு பேரும் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினோம். மலையாள அம்மா எங்களைப் படம் எடுத்து வைத்திருக்கிறார்.

ருவைஸுக்குத் திரும்பியதும் முதல் டியூட்டியே நைட் ஷிஃப்ட். சரியாக ஒரு மணிக்கு வீட்டு போன் அடித்தது. எடுத்தேன்.

"பொட்டலம் பிரிச்சுட்டேன். ஜன்னல்கிட்டதான நிக்கிற?" என்றார்.

அங்கேதான் நின்றுகொண்டிருந்தேன்.