மீன் பெட்டியில் இருபத்தைந்து டிகிரி

செல்லின் நடுவே ஒரு கரு. அதைச் சுற்றி ஒரு சவ்வு, சவ்வெங்கும் நுண்துளைகள். உள்ளே போவதும் வெளியே வருவதும் அவற்றின் வழியாகத்தான். ஏறக்குறைய முப்பது வகைப் புரதங்கள் எட்டெட்டாகக் கூடி ஒவ்வொரு துளையையும் கட்டுகின்றன. ரொட்டி மாவையும் கள்ளையும் புளிக்கவைக்கும் ஈஸ்ட்டில், செல் இரண்டாகப் பிரியும்போதுகூட அந்தச் சவ்வு உடைவதில்லை. ஆட்கள் குடியிருக்கும்போதே சுவரில் புது வாசல் வைப்பதுபோலத்தான். அந்தக் கொத்து வேலையின் ரகசியத்தைச் செங்கல்பட்டில் முதுகலை படித்த நான் கண்டுபிடித்துவிடுவேன் என்று முழு மனதோடு நம்பினேன்.

எனக்குக் கிடைத்தது ஒரு புரதம் பழுதான ஈஸ்ட். இருபத்தைந்து டிகிரியில் துளைகளை ஒழுங்காகக் கட்டும். பச்சையாக ஒளிரச் செய்த துளைப் புரதம் கருவைச் சுற்றி வளையமாகத் தெரியும். முப்பத்தேழில் எல்லாம் ஒரு மூலையில் குவிந்துவிடும். இரண்டையும் அடுத்தடுத்துப் படமாகக் காட்டினால் பட்டம். எங்கள் துறையில் சூடாக்கும் பெட்டி இருந்தது, குளிர்விக்கும் பெட்டி பழுது. மே மாதம் வேறு. சூடாக்குவதற்கு மின்சாரமே தேவைப்படவில்லை; ஜன்னலைத் திறந்தால் போதும். இரண்டு குடுவைகளிலும் ஒரே குவியல்.

"எதை எதோடப்பா ஒப்பிடுவே?" என்றார் என் ஆய்வு வழிகாட்டி. ஆய்வேட்டை ஒப்படைக்கப் பத்து நாள்தான் இருந்தது.

கோவளத்தில் எங்கள் வீட்டில் குளிர் இருந்தது: அப்பாவின் தெர்மாகோல் மீன் பெட்டி. அதில் தண்ணீர் ஊற்றி, குடுவையையும் வெப்பமானியையும் இறக்கினேன். இருபத்தைந்தில் கறுப்பு நூல் கட்டினேன். பாதரசம் நூலைத் தாண்டினால் ஒரு பிடி ஐஸ், குடுவைக்கு நாலு குலுக்கு, மூடியில் சிவப்புச் சாக்பீஸால் ஒரு கோடு. நான் கல்லூரிக்குப் போகும் நேரங்களில் இந்தப் பொறுப்பு அம்மாவுக்கு. அவள் பள்ளிக்கூடமே போனதில்லை.

அவள் குடுவையை முகர்ந்து பார்த்தாள். "இன்னாடா, கள்ளு நாத்தம் அடிக்குது?"

"ஈஸ்ட்டும்மா. படிப்பு."

"உங்க நைனா குடிச்சி அழிச்சது போதாதுன்னு காலேஜ்லயும் இதான் சொல்லித் தர்றாங்களா?"

"என்னிய இன்னாத்துக்கு இழுக்கற?" என்றார் வலை பார்த்துக்கொண்டிருந்த அப்பா.

பெட்டியை மடியில் வைத்துப் பஸ்ஸில் கொண்டுபோனேன். நுண்நோக்கியில் வளையம் தெரிந்தது. பச்சையாக, முழுசாக.

"மீன் பெட்டின்னெல்லாம் எழுதாதே. இருபத்தஞ்சு டிகிரியில வளர்த்தோம்னு மட்டும் எழுது, பொய்யில்லையே" என்றார் வழிகாட்டி. நான் உண்மைக்குப் பிறந்தவன். பெட்டி, ஐஸ், நாற்பத்தொரு கோடுகள் எல்லாவற்றையும் எழுதினேன்.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் அந்தப் பக்கத்தில்தான் விரலை வைத்தார். "வெப்பநிலைப் பதிவு எங்க?"

"பெட்டி மூடியில சார்."

"நாளைக்குக் கொண்டு வா."

வீட்டுக்கு ஓடினேன். மூடி பளபளவென்று வெள்ளையாக வெயிலில் காய்ந்துகொண்டிருந்தது.

"கோடு கோடா கிறுக்கிகினு கெடந்துச்சி, தேச்சிக் கழுவிட்டேன்" என்றார் அப்பா. முகமெல்லாம் சிரிப்பு. "வஞ்சரம்டா! பொட்டி நெறைய!" இரண்டு மாதமாகக் கண்ணில் படாத வஞ்சரம், என் பதிவைத் தேடி வந்ததுபோல அன்றைக்கு வந்திருந்தது.

மறுநாள் விஷயத்தைச் சொன்னேன். தேர்வாளர் சிரிக்கவில்லை. பதிவில்லாத படம் வெறும் அழகான படம்தான் என்றார். மறுபடி செய், இந்த முறை காகிதத்தில், பதிவு செய்தவர் கையொப்பத்தோடு. ஒரு மாத அவகாசம்.

"மறுபடியுமா?" என்றாள் அம்மா. பிறகு, "நோட்டு வாங்கினு வா. உங்க நைனா கைக்கு எட்டாம வெச்சிக்கறேன்."

வளையம் மறுபடியும் தெரிந்தது. ஆய்வேட்டின் கடைசியில் நாளுக்கு ஒரு பக்கமாகப் பதினொரு பக்கம் இணைப்பு: வரிசை வரிசையாகக் கோடுகள், ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் ஊதா நிறத்தில் ஒரு கைநாட்டு. தேர்வாளர் அத்தனை பக்கங்களையும் நிதானமாகப் புரட்டினார். புரதங்களைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

"மீன் வாசனை வருதேப்பா" என்றார். கையெழுத்துப் போட்டார்.